பழக்கமும் பிறவிக்குணமும்

கல்வியும் கலையும் ஒழுகலாறும் பழக்கத்தால் அமையும். இரக்கமும் கொடையுமோ பிறவியோடு வரும் என்பது ஒளவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்றின் கருத்து. யோங் பெங் போன்ற ஊர்களின் தமிழ்ப்பள்ளிகளில் நன்னெறிக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இக்கருத்து இடர் விளைப்பதாகும். இரக்கம் பிறவிக்குணமே எனின், அதனைப் பாடவேளையில் வைத்துப் பயிற்றுவதன் பயன் யாது?

இவ்வினாவோடு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826-1889) நீதிநூலை அணுகுதல் தகும். 1859-இல் வெளிவந்த அந்நூலைத் திருக்குறளின் நிழல் என ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்குவார் கூற்றில் உண்மை அறவே இல்லை எனவும் கூறுதற்கில்லை. பொதுவறங்களைப் பாடுமிடங்களில் முன்னோர் கூறியவற்றையே அவர் பெரிதும் வழிமொழிகின்றார்; செய்யுள் ஓடுகின்றது, உயிர் குறைகின்றது. ஆயின், கைக்கூலியைக் கடியுமிடத்துக் குரல் மாறிவிடுகின்றது. எள்ளலும் சினமும் ஒருங்கே எழுகின்றன. காரணம் வெளிப்படை. அவர் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். வழக்காடுவோர் அறியும் மொழியில் நீதி விளங்க வேண்டுமென்று, உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862-இல் வெளியிட்டவர். நேர்மை அவர்க்கு ஏட்டில் கண்ட பண்பன்று. வழக்குதோறும் மறுபடி மறுபடி செய்து பார்க்க வேண்டிய செயல்.

வேதநாயகர் கத்தோலிக்கர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமசு அக்குவினாசு, விவேகம், நீதி, மனத்திடம், அளவுடைமை என்னும் நான்கும் இடைவிடாச் செயலால் மனத்தில் நிலைபெறும் பழக்கங்கள் என்றார். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றினையோ இறையருள் தரும் கொடை என வேறு பிரித்தார். மேலோட்டமாக நோக்கின் இதுவும் தனிப்பாடலின் பகுப்பே போலத் தோன்றும். வேறுபாடு பெரிது. பிறவிக்குணம் சிலர்க்கே வாய்ப்பது; இல்லாதவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அருளோ வேண்டுவார்க்கெல்லாம் உரியது. பெற்ற அன்பும் அன்புச் செயலால் வளர்வது. எனவே கிறித்தவ வாழ்வில் கொடையும் பயிற்சிக்கு உரியதாகின்றது. தேவமாதா அந்தாதி முதலிய பத்தி நூல்களைப் பாடிய கையே நீதிநூலையும் எழுதியது என்பதை மறந்து, அதனை வெறும் அறிவுரைத் தொகுப்பாகப் படிப்பதனாலேயே பலர்க்கு அது சுவைப்பதில்லை.

நூல் வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. வேதநாயகர் தம் பொருளைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் பாடியவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இதனைப் புலவரின் வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் கூறிவிட்டுப் பாடத்துக்குச் செல்வது வகுப்பறை வழக்கம். வரிசையை மாற்றலாம். பஞ்சத்தை முதலில் கூறி, அதன்பின் நூலைத் திறந்தால், இளமையில் எழுதிய ஈகைப் பாடல்கள், ஐம்பதாம் வயதில் செய்யவிருப்பதற்கு அவர் முன்னரே பழகிக்கொண்ட பாடல்களாக மாணவர்க்குத் தோன்றும். மனனம் செய்யும் சிறுவனுக்கும் அப்போது ஒரு கேள்வி பிறக்கும்: இதனை எழுதியவர், அதற்கு முன்னும் பின்னும், நாள்தோறும் என்ன செய்துகொண்டிருந்தார்?