வேதம் விளைந்த வேண்டுதல்

செங்காங் வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் அண்மையில் நடந்த ஜெபக் கூட்டத்திற் கலந்துகொண்டேன். மகனின் தேர்வு, மருமகனின் வேலை, பாட்டியின் முழங்கால் வலி என வேண்டுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவற்றைக் கேட்டல் குற்றமன்று. அன்றாட அப்பத்தைக் கேட்கும்படி கற்பித்தவர் இயேசு பெருமானே. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் துதியில்லை, பாவ அறிக்கையில்லை. மடியிலிருந்த வேதாகமம் திறக்கப்படவுமில்லை. அக்குறை நெஞ்சை உறுத்தவே, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894இல் வெளிவந்த இக்காப்பியம், 1678இல் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவியது. தழுவல் என்பதனாலேயே இதனைத் தாழ்த்துவாரும் உளர். ஆசிரியரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் புகழ்ந்து, கம்பன் சாயலை மட்டும் எண்ணிக் காட்டுவாரும் உளர். இரு சாராரும் நூலின் உயிர்நிலையைக் கண்டிலர் என்பது என் கருத்து.

அவ்வுயிர்நிலை யாது? பனியனின் கதையிற் பயணியின் சுமை சிலுவையடியில் சில வரிகளுக்குள் கழன்று விழுகிறது. கிருஷ்ண பிள்ளையோ, இரட்சணிய சரிதப் படலத்திற் சுவிசேஷங்கள் கூறும் பாடுகளை விரித்துரைக்கின்றார். கதையின் இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே இசைப் பதிகங்களையும் அமைக்கின்றார். வேதத்தைக் கேட்ட உள்ளமே உருகி வேண்டுகிறது. பதிகம் தமிழ் மரபு. அதனுள் ஓடும் உயிர் வேதம்.

இம்முறை புதிதன்று. மீன் வயிற்றில் யோனா செய்த ஜெபம் சங்கீதச் சொற்களால் நெய்யப்பட்டது. அச்சுறுத்தப்பட்ட சீடர்கள் 2ஆம் சங்கீதத்தைச் சொல்லியே தைரியம் வேண்டினர். சிலுவையில் இயேசு எழுப்பிய ஓலம் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமே. சொந்தச் சொல் அற்றுப்போன வேளையில் வேதச் சொல் துணை நிற்கிறது.

பிறர் சொல்லால் வேண்டுவது நம் வேண்டுதல் ஆகுமோ எனச் சிலர் வினவுவர். தாய் சொல்லித் தந்த சொல்லாலேயே பிள்ளை தாயை அழைக்கிறது. அதனை இரவற் சொல் என்பார் யார்?

நூலின் குறையையும் கூறல் வேண்டும். இதன் செய்யுள் நடை கடினமானது; உரையின் துணையின்றி இன்று இதனுள் நுழைதல் எளிதன்று. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கோ பின்னும் அரிது. எளிய உரையோடு இதன் பதிகங்களையேனும் தனியே தொகுத்துத் தருவது நம் சபைகளின் கடமை.

அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஜெபக் கூட்டத்தில் முதலில் ஒரு சங்கீதத்தை உரக்க வாசிப்போம். பின் அதன் வழியே வேண்டுவோம். அழுகைக்கும் நன்றிக்கும் இடமளிக்கும் சங்கீதங்களிற் பாட்டியின் முழங்கால் வலிக்கும் இடமுண்டு.