ஜெட்டின் கண்

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட் வழியில் நின்றுபோனால், கைதேர்ந்த மெக்கானிக் எடுத்ததும் எஞ்சினைப் பிரிப்பதில்லை. பெட்ரோல் வரும் வழியே விசாரித்துக்கொண்டு போவார். டியூபைக் கழற்றினால் பெட்ரோல் சீராக விழுகிறதா? இல்லையென்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்ப்பார், பிறகு பெட்ரோல் டேப்பை. விழுந்தும் பிளக் காய்ந்திருந்தால் சந்தேகம் கார்புரேட்டர்மேல். பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அதில் கலந்த ஆயில் பிசினாகி, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் மயிரிழைத் துளையை அடைக்கும். ஜெட்டைக் கழற்றி, கழுவி, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தமாட்டார். பித்தளை தேய்ந்தால் அளவு கெடும். என்ன பொறுமை, என்ன ஒழுங்கு! இந்த அடைப்பு வராமலிருக்க, வண்டியைப் பல நாள் நிறுத்துவதென்றால், டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.