தோள்பட்டி எதற்கு?

வெளிநாடு படிக்கப் போகும் மாணவிக்காகத் தி. நகரில் குளிர்கோட் தேடினோம். ஒன்றின் தோள்களில் பொத்தான் வைத்த பட்டி. “இது எதுக்கு மேம்?” என்றாள்.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அணிந்த ‘பிரிட்டிஷ் வார்ம்’, முழங்காலளவு நீண்ட தடித்த கம்பளிக் கோட். தோள்பட்டி பதவிக்குறிக்கான இடம். போருக்குப் பின் அது சாதாரண உடையாகிக் கடைக்கு வந்தது. அதன் சாயலில் பெண்களுக்கும் கோட்டுகள் வந்தன. பட்டி மட்டும் காலி. நாகரிகம் நமக்குத் தந்தது அதிகாரத்தின் தோற்றத்தை மட்டும்தான்.

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெற்று, தோளில் நட்சத்திரங்களோடு வெளியேறுகிறார்கள். அங்கே பட்டி காலியில்லை. ஆனால் கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. ஏற்காதவர் மனத்தைத் திருத்தாமல் பெண்ணின் பதவியைக் குறைக்கும் இந்தத் தர்க்கம் நம் வீடுகளுக்கும் கல்லூரிகளுக்கும் புதிதல்ல. 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. நிரந்தரப் பணிக்கும் தலைமைப் பொறுப்புக்கும் வழி திறந்தது. காலாட்படை போன்ற போர்ப்பிரிவுகள் அத்தீர்ப்பில் அடங்கவில்லை.

இத்தனையும் கேட்டவள், கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்: “அப்ப இது அழகுக்கு இல்ல மேம்.”