வேலையாளின் கருவி

விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியலை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. வாசித்துத்தான் பார்ப்போமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதியில் ஆறு தலைப்புகள்: துப்பாக்கிகள், செயலிழக்க வைக்கும் சாதனங்கள், கூர்மையான பொருள்கள், வேலையாட்களின் கருவிகள், மழுங்கலான பொருள்கள், வெடிபொருள்கள். ஐந்து தலைப்புகள் பொருளைச் சொல்கின்றன. நான்காவது மட்டும் ஆளைச் சொல்கிறது. பேஸ்பால் மட்டை ‘ஆட்டக்காரரின் கருவி’ ஆகவில்லை; மழுங்கலான பொருள், அவ்வளவுதான். 6 செ.மீ.க்கு மேல் நீளமான உளிக்கு மட்டும் வேலையாள் தேவைப்படுகிறான். உளி கூர்மையானதுதானே, மூன்றாவதிலேயே அடங்காதா?

மாமல்லபுரத்தில் நின்று பார்த்தால் இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் கோயில் வேலைக்குப் போகிற சிற்பிக்கு, தானே காய்ச்சித் தோய்த்த உளி கையின் நீட்சி. அந்த நான்காம் தலைப்பின் முதல் சொல்லோ கடப்பாரை. வளை தோண்ட இருளர் கையில் இருப்பது அதுதான். 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடா வரை போனார்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். 2023இல் பத்மஸ்ரீ. அறிவுக்கு விருது, கருவிக்குச் சந்தேகம். செயலைப் பார்க்காமல் ஆளையே எழுதி வைக்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, அப்படி எழுதப்பட்டதுதான்.

‘அப்போ பாதுகாப்பு வேண்டாமா?’ வேண்டும். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டை மறந்துவிட்டுப் பேச முடியாது. கடப்பாரையைக் கேபினில் விடு என்று நான் கேட்கவில்லை. பட்டியல் புனித நூல் அல்ல என்கிறேன். உள்நாட்டு விமானங்களில் 6 அங்குல அலகுவரை கிர்பானை அனுமதித்த 2022 மார்ச் உத்தரவு, விமான நிலையத்தில் வேலை செய்யும் சீக்கியரை முதலில் விலக்கியது. எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே அந்த வரி போயிற்று. 2024இல் சபரிமலை இருமுடித் தேங்காய்க்குத் தற்காலிக விலக்கு. இரண்டும் நியாயமே. நம்பிக்கை உடம்போடு ஒட்டியது என்பது அரசுக்குப் புரிகிறது. உழைப்பு மட்டும் கழற்றிப் பெட்டியில் போடக்கூடியதாம்.

ஒன்றுகூடிக் கேட்டவர்களுக்கு வரி மாறியிருக்கிறது. சிற்பிகளும் இருளரும் தொழிற்சங்கங்களும் கேட்கவேண்டியது இப்போதைக்குச் சின்னது: பொருளைத் தடுப்பதென்றால் பொருளின் பெயரைச் சொல்லித் தடு. தலைப்பிலிருந்து ஆளை எடு.