இருபத்துநான்கில் ஒரு பங்கு

1966ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் 1300 பீட்டில் நான்கு மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும் நீளம். 24ஆல் வகுத்தால் 17 சென்டிமீட்டர். டாமியா நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கி ஒட்டி முடித்தால் மேசைமேல் நிற்கும் வண்டி அந்த அளவுதான். நீளம், அகலம், சக்கரத்தின் விட்டம் எல்லாம் கணக்குக்குச் சரியாக வந்துவிடும். அதற்கான பாராட்டு ஜப்பானின் ஷிஸுவோகாவில் அச்சு வெட்டியவர்களுக்கு. கட்டுகிறவரின் கை தெரிவது வகுத்தலுக்கு மசியாத இடங்களில். பெயிண்ட் வகுபடாது. தூசி வகுபடாது. பிளாஸ்டிக்கின் எடையும் வகுபடாது. ஒரு நல்ல மாடலை அருகில் வைத்துப் பார்க்கும் சுகமே, இந்த வகுபடாத மிச்சங்களை அவர் என்ன செய்து சமாளித்திருக்கிறார் என்று தேடுவதில் இருக்கிறது.

பெயிண்டிலிருந்து தொடங்கலாம். நிஜக் காரின்மேல் எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான் கனம். இருபத்துநான்கில் ஒரு பங்கு என்றால் நான்கு மைக்ரானுக்குச் சற்று மேல். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தெரியாமல் அத்தனை மெல்லியதாகப் பூச எந்த ஏர்பிரஷ்ஷாலும் ஆகாது. ஆகவே உலகத்தில் உள்ள மாடல் கார்கள் அத்தனையும் அளவுக்கு மீறிய தடிமனான பெயிண்டைப் போர்த்திக்கொண்டுதான் நிற்கின்றன. கெட்டிக்காரர் அது கண்ணுக்குத் தெரியாதபடி செய்துவிடுகிறார்.

எப்படி என்று பார்க்க வேண்டுமானால் கதவு இடுக்கைப் பாருங்கள். நிஜத்தில் நான்கு மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி இங்கே மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. பிரைமர், நிறம், அதற்குமேல் கிளியர் கோட் என்று மூன்றும் ஏறினால் அந்தப் பள்ளம் தூர்ந்துபோகும். கதவு தனி உறுப்பாக இல்லாமல் உடம்பில் கீறிய கோடாகிவிடும். விவரம் தெரிந்தவர் பிரைமர் அடிப்பதற்கு முன்பே கத்தியின் முதுகால் அந்தக் கோட்டை இழுத்து இழுத்து ஆழப்படுத்தி வைத்திருப்பார். பெயிண்ட் ஏறி அது பழைய ஆழத்துக்கு வரும். பிறகு அதில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு மேலே வழிந்ததைத் துடைத்தெடுத்தால், பள்ளத்தில் நிழல் நிற்கும். சிலர் அங்கே சுத்தக் கறுப்பை விட்டுவிடுகிறார்கள். வெளிர்நிற வண்டியில் அது பென்சிலால் கட்டம் போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

அடுத்து பாலிஷ். கிளியர் கோட் நன்றாகக் காய்ந்தபின் மூவாயிரத்தில் தொடங்கி, நாலாயிரம், ஆறாயிரம், எட்டாயிரம் என்று பன்னிரண்டாயிரம் வரை ஏறும் நுண்ணிய தேய்ப்புத் துணிகளைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பட்டி பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் உப்புத்தாள் பிடித்தவருக்கு இதெல்லாம் பழகின வேலை. வேறுபாடு, இங்கே அழுத்தம் விரல்நுனி அளவுதான். பீட்டில் இந்த வேலைக்குப் பொல்லாத வண்டி. தட்டையான இடமே கிடையாது. நான்கு மட்கார்டுகளும் உருண்டு திரண்டவை. கதவுக்குமேல் மழைநீர் வழியும் விளிம்பு மெல்லிய வரப்பாக நிற்கிறது. அந்த வரப்பில் இரண்டு இழுப்பு கூடிப்போனால் நிறம் கரைந்து சாம்பல் பிரைமர் எட்டிப்பார்க்கும். பீட்டில் மாடலைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் போவது அந்த வரப்புக்குத்தான். அங்கே நிறம் முழுதாக இருந்து, மட்கார்டின் உச்சியில் ஜன்னலின் பிம்பம் நெளியாமல் விழுந்தால், மற்றதைச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

நிறத் தேர்விலும் கணக்கு உண்டு. மினுக்கு கலந்த மெட்டாலிக் பெயிண்டில் 30 மைக்ரான் துகள் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 24 மடங்கு பெருக்கினால் அது முக்கால் மில்லிமீட்டர் தகடு. நிஜக் காரின்மேல் அப்படித் தகடு பதித்தால் கல்யாண வரவேற்பு வளைவுபோல் ஜொலிக்கும். இந்தப் பீட்டிலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அந்த ஆண்டுகளின் ஜாவா பச்சை, கடல் நீலம் எல்லாம் மினுக்கில்லாத தனி நிறங்கள். ஆனால் தூசி மன்னிக்காது: பத்தில் ஒரு மில்லிமீட்டர் துணுக்கு உட்கார்ந்தால், அந்த வண்டியின் உலகத்தில் அது இரண்டரை மில்லிமீட்டர் கல்.

உலோகப் பட்டைகளுக்கு வருவோம். பக்கவாட்டில் ஓடும் ஒற்றைப் பட்டை, ஜன்னல் ஓரங்கள், பானட்டின் நடுவே இறங்கும் கோடு. வெள்ளி பெயிண்டைத் தூரிகையால் இழுத்தால் வெள்ளி பெயிண்டாகத்தான் தெரியும். பேர் மெட்டல் ஃபாயில் என்று பின்பக்கம் பசையோடு மெல்லிய அலுமினியத் தாள் கிடைக்கிறது. ஒரு துண்டைப் பட்டையின்மேல் ஒட்டி, பல்குத்தும் குச்சியின் முனையால் அழுத்திப் படியவைத்து, புது பிளேடால் ஓரம் அறுத்து மிச்சத்தை உரித்துவிட வேண்டும். பிளேடு கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் தாள் கிழியும். கை கொஞ்சம் அழுந்தினாலும் பாலிஷ் போட்ட பெயிண்டில் கீறல் விழும்.

இதைவிட அழகான தந்திரம் ஒன்று இருக்கிறது. பெயர் எழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே புடைத்து நிற்கும் மாடல்களில், பெயிண்டுக்கு முன்பே அந்த எழுத்துகளின்மேல் இந்தத் தாளை ஒட்டிவிடுவார்கள். வண்டி முழுக்க நிறம் அடித்தபின், தின்னர் லேசாக நனைத்த துணியை விரலில் இறுக்கிச் சுற்றி எழுத்தின் தலையை மட்டும் ஒரு தடவல். புடைப்பின்மேல் இருந்த பெயிண்ட் போய் உலோகம் வெளிவரும். பள்ளத்தில் நிறம் அப்படியே இருக்கும். எந்தத் தூரிகைக்கும் வராத கூர்மையோடு எழுத்து நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, கை வணங்கத்தக்கது.

இன்ஜினில் ஒயர் இழுப்பது விரும்பிச் செய்யும் உபரி வேலை. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மூன்று மில்லிமீட்டர் அகலம்கூட இராது. அதில் கைத்துரப்பணத்தால் ஐந்து துளை: பிளக்குகளுக்கு நான்கு, காயிலுக்கு ஒன்று. நிஜ பிளக் ஒயர் ஏழு மில்லிமீட்டர் என்றால் இங்கே வேண்டியது 0.3. துளையும் ஒயரும் போட்டுவிட்டால் பலருக்குத் திருப்தி. மோப்பம் பிடிப்பவர் ஒயர் எங்கே போகிறது என்று பார்ப்பார். பீட்டிலின் தீப்பொறி வரிசை 1-4-3-2; வலப்பக்கம் ஒன்றும் இரண்டும், இடப்பக்கம் மூன்றும் நான்கும். மூடியைச் சுற்றி அந்த வரிசையிலேயே ஒயர் கிளம்பி அந்தந்தப் பிளக்குக்குப் போய், நடுவில் இயல்பாகத் தொய்ந்தும் இருந்தால், கட்டியவர் படத்தைப் பார்த்து நகல் எடுக்கவில்லை, இன்ஜினைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எடை விஷயம் வேடிக்கையானது. நீளம் 24இல் ஒரு பங்கு என்றால் கன அளவு 13,824இல் ஒரு பங்கு. 800 கிலோ வண்டி 58 கிராம். நிஜ வண்டி தன் பாரத்தால் டயரின் அடியை அமுக்கி உட்கார்ந்திருக்கும். 58 கிராமால் அது முடியாது. மாடல் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால் சிலர் டயரின் அடியில் ஒரு துளி தேய்த்துத் தட்டையாக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான், வண்டிக்குக் கனம் வந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது.

பெட்டியில் உள்ளதை நன்றாகக் கட்டுவது இது. மாற்றிக் கட்டுவது இன்னொரு கலை; அதன் ஊர் அமெரிக்கா. டெட்ராய்ட் வட்டாரத்தின் ஏ.எம்.டி. நிறுவனம் முதலில் கார் டீலர்களுக்கான விளம்பர மாடல்களைச் செய்துகொண்டிருந்தது. 1958இல் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை விற்கத் தொடங்கியது: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அலங்காரமாக, பந்தயத்துக்கு. 25இல் ஒரு பங்கு அளவு. ஒரே பெட்டிக்குள் உதிரி பம்பரும் வேறு விளக்கும் கிடைத்ததும், பையன்கள் பெட்டியில் இல்லாததையும் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் கண்முன் இருந்தவை கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார்கள். ஜார்ஜ் பாரிஸின் பட்டறையில் 1951 மெர்க்குரி ஒன்றின் கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். ஹிரோஹாட்டா மெர்க் என்று பெயர் பெற்ற வண்டி அது. முன்னால் நான்கு அங்குலம், பின்னால் ஏழு அங்குலம். 25ஆல் வகுத்தால் முன்னால் நான்கு மில்லிமீட்டர், பின்னால் ஏழு. மெல்லிய ரம்பத்தால் தூண்களை அறுத்து அந்தத் துண்டை எடுத்துவிடுவது அரை மணி நேர வேலை. வினை அதற்குப் பிறகு. முன்தூண்கள் சாய்ந்து எழுபவை. கூரை நேராகக் கீழே இறங்கினால் வெட்டுவாயும் வெட்டுவாயும் சந்திக்காது. கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் ஒரு பட்டை சேர்த்து நீட்டவேண்டும், இல்லை தூணைச் சாய்க்கவேண்டும். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள தகடு ஏழு மில்லிமீட்டர் இழந்து, டிக்கிவரை ஒரே வழுக்கலாக ஓட வேண்டும். பட்டி வைப்பது, தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, மேடுபள்ளம் தெரிவது, மறுபடி பட்டி. இந்தச் சுற்று எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று நல்ல வேலையில் தெரியக்கூடாது.

விளக்கு எரியவைத்து, பானட்டைத் திறந்து மூடவைத்து வித்தை காட்டும் மாடல்களில் எனக்கு ஈர்ப்பில்லை. திறக்கும் கீலுக்காக இடுக்கு அகலமாகி, உருவம் கெட்டுவிடுகிறது. துருவும் சேறும் அப்பிப் பழமை காட்டுவதும் பெரும்பாலும் சொதப்பலை மறைக்கத்தான். கூரை தாழ்த்திய மாடல் ஒன்று முன்னால் வந்தால் நான் கண்ணாடியைப் பார்ப்பேன். கிட்டோடு வந்த கண்ணாடி இனிப் பொருந்தாது. தெளிவான பிளாஸ்டிக் தாளிலிருந்து புதிதாக வெட்டி, முன்புற வளைவுக்காக ஒரு அச்சின்மேல் சூடாக்கி வளைக்கவேண்டும். பசை ஒரு பொட்டு கசிந்தாலும் வெண்படலம் பூத்துவிடும். அறுவையும் பட்டியும் பெயிண்டும் முடித்துக் களைத்தவர்கள் இந்த இடத்தில் ஜன்னலை வெறுமையாக விட்டுவிடுவது வழக்கம். விடாதவர்களின் மெர்க்குரியை ஓரத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால், தாழ்ந்த கூரையின் கீழே அந்தக் குறுகிய ஜன்னல்களில் வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உடையாமல் ஓடும்.