பம்பாய்த் தமிழர் வரலாறும் சான்றுகளும்

மாதுங்கா பற்றி எழுதுவோர் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் கோயில்களையும் கூறி அமைவர். அவை மெய்யே; ஆயின் முழு வரலாறு ஆகா. 1896இல் பரவிய பிளேக் நோயையும், அதன் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டையும் விடுத்து மாதுங்கா மனைகளின் கதையைச் சொல்லவியலாது. டிரஸ்டின் அறிக்கைகளை நம்மவர் புரட்டுவதில்லை. தாராவியில் தோல் பதனிடத் திருநெல்வேலிச் சீமையினின்று வந்தோர்க்கோ மலர்களில் இடமே அரிது. குடிக்கணக்கின் தாய்மொழிப் பட்டியல் தொகையைத் தரும். எவ்வூரார் என்பதைத் தராது. கோப்புகளிடையே வாழும் நாம் அறிவோம், கையொப்பமிட்டோர் பெயரே ஏட்டில் நிற்கும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மணியார்டர் ரசீது பெறுவோர் பெயர், தொகை, நாள் மூன்றையும் உரைக்கும். அதையன்றோ நாம் பழந்தாளோடு எடைக்குப் போடுகிறோம்!