சாய்தளம் முடியும் இடம்

நான்ஸி ஐஸ்லாண்ட் பிறவியிலேயே எலும்புக் குறைபாடு கொண்டிருந்தவர். 1994இல் வந்த அவருடைய ‘தி டிஸேபிள்ட் காட்’ நூலில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. ஆலயத்தில் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போய் நற்கருணை வாங்குவார்கள். இவர் மட்டும் வர வேண்டாம், கடைசியில் உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடும். கரிசனம்தான். ஆனால் பந்தியில் சேர்க்காமல் தனி இலை போடுவது போலத்தானே அது? உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கைகளிலேயே ஆணிக் காயம் ஆறாமல் இருக்கும்போது, குறையுள்ள உடலை ஏன் குணமாக்கியே தீர வேண்டும் என்று கேட்கிறார் ஐஸ்லாண்ட்.

நான் பொறியாளன். சிங்கப்பூரில் கட்டட அணுகல் விதிகள் 1990இலேயே வந்துவிட்டன. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், ஓபிர் சாலையில் உள்ள லூர்து மாதா ஆலயம் 1888இல் எழுந்தது. அந்த மாதிரிப் பழைய கட்டடத்திலும் முயன்றால் சாய்தளம் போட்டுவிடலாம். ஆனால் உள்ளே வந்தவரை வேதம் வாசிக்கக் கூப்பிட எந்த விதியாலும் முடியாது. அது சபை செய்ய வேண்டிய வேலை.

நூலில் ஒரு குறையும் உண்டு. அது பெரும்பாலும் உடற்குறையைத்தான் பேசுகிறது. நற்கருணையின் பொருள் புரிந்தால்தான் தருவோம் என்கிற சபையில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை எங்கே நிற்கும்? நம்மில் எத்தனை பேருக்கு அது முழுசாப் புரிஞ்சிருக்கு?